ஆட்டுப் பூச்சி மருந்தும் புற்றுநோயும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்டத்தில் ஆடு மாடு வளர்க்கும் வீடுகளில் குடற்புழு மருந்து பெரும்பாலும் அலமாரியிலேயே இருக்கும். ஃபென்பெண்டசோல் போலஸ் (மாட்டுக்கான பெரிய மாத்திரை), அல்பெண்டசோல் பாட்டில், இவர்மெக்டின் ஊசி என்று ஏதாவது ஒன்று. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே, இந்த மருந்துகள் கட்டியைக் கரைக்கும் என்று சொல்லும் வாட்ஸ்அப் காணொளியும் வந்து சேர்கிறது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் யோசிக்க நேரமும் இருப்பதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த மருந்துகளைப் புற்றுநோய்க்காக ஆராய்வதற்கு நல்ல காரணம் உண்டு. ஆராய்ந்தும் இருக்கிறார்கள், மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். இவற்றால் புற்றுநோய் குணமாகும் என்று அந்தச் சோதனைகள் எதுவும் இதுவரை நிரூபிக்கவில்லை. கால்நடை மருந்தை வீட்டில் நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

பூச்சி மருந்துக்கும் கேன்சருக்கும் என்னங்க சம்பந்தம்?

ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல், மெபெண்டசோல் மூன்றும் பென்சிமிடசோல் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. டியூபுலின் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துத்தான் நுண்குழல்கள் உருவாகின்றன. சத்தை உறிஞ்சவும் செல் இரண்டாகப் பிரியவும் அந்தக் குழல்கள் வேண்டும். குழல் கட்ட முடியாமல் போன புழு, சர்க்கரையை எடுக்க வழியில்லாமல் சாகிறது.

புற்றுநோய்ச் செல்லும் ஓயாமல் பிரிவது. அதன் நுண்குழலைக் கெடுத்தால் பிரிவது நிற்கும். இது நிரூபிக்கப்பட்ட வழிதான். நம் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் இதே டியூபுலினைத் தாக்கியே ரத்தப் புற்றுநோயிலும் நிணநீர்ப் புற்றுநோயிலும் பல பத்தாண்டுகளாக உயிர் காக்கின்றன. ஆகவே பூச்சி மருந்தைப் பார்த்து விஞ்ஞானிகளுக்கு இந்த எண்ணம் வந்ததில் தவறே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பென்சிமிடசோல்கள் புழுவின் டியூபுலினை இறுகப் பிடிக்கும்; பாலூட்டிகளின் டியூபுலினைத் தளர்வாகத்தான் பிடிக்கும். மருந்து கொடுத்த ஆட்டுக்கு ஒன்றும் ஆகாமல் புழு மட்டும் சாவது அதனால்தான். புற்றுநோய்ச் செல் நம் உடம்பின் செல். அதன் டியூபுலினும் பாலூட்டியின் டியூபுலின்தான். ஆட்டைக் காப்பாற்றுகிற அதே குணம் இங்கே மருந்தின் பலவீனமாகிவிடுகிறது. அளவைக் கூட்டி அதை ஈடுகட்டப் பார்த்தால், நம் உடம்பில் வேகமாகப் பிரியும் மற்ற செல்களும் அடிபடும். எலும்பு மஜ்ஜை, குடலின் உட்படலம் இரண்டும் முதலில் பாதிக்கப்படும்.

எலிக்குக் கொடுத்தப்போ கட்டி சுருங்கிச்சுன்னு படிச்சோமே?

உண்மைதான். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த மனிதப் புற்றுநோய்ச் செல்களை ஃபென்பெண்டசோல் கொன்றது; எலியில் ஒட்டி வளர்த்த மனிதக் கட்டியும் சிறிதானது. இணையத்தில் அதிகம் பகிரப்படும் கட்டுரை இதுதான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வேறு இரண்டு ஆய்வுகள் அந்த அளவுக்குப் பகிரப்படுவதில்லை. 2008-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஆய்வில் ஃபென்பெண்டசோலைத் தனியாகக் கொடுத்தபோது எலியின் கட்டி வளர்ச்சி குறையவில்லை. கூடுதல் வைட்டமின் சேர்த்த தீவனத்தோடு கொடுத்தபோது மட்டும் குறைந்தது. 2013-ல் யேல் பல்கலைக்கழகத்தினர் எலித் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கட்டியின் வளர்ச்சியும் மாறவில்லை, அது பரவுவதும் மாறவில்லை, கதிர்வீச்சுக்கு அது காட்டிய பதிலும் மாறவில்லை. ஒரே மருந்து, மூன்று ஆய்வு, மூன்று விதமான விடை. எந்தக் கட்டி, எந்த எலி, எவ்வளவு மருந்து ரத்தத்தில் ஏறியது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. இப்படி எலி அளவிலேயே ஒத்துப்போகாத ஒன்றை மனிதருக்கான மருத்துவமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தட்டில் செல் சாவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தட்டில் மருந்து செல்லின் மேலேயே ஊற்றப்படுகிறது. மனித உடம்பில் அது குடலைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தில் கரைந்து, கட்டிக்குள் நுழைய வேண்டும். ஃபென்பெண்டசோல் தண்ணீரில் கரையாத தூள். வாய்வழி கொடுத்ததில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும். குடலில் இருக்கும் புழுவைக் கொல்ல அது வசதி. நுரையீரலில் இருக்கும் கட்டிக்கு அதனால் பயனில்லை.

அமெரிக்காவுல ஒருத்தர் நாய் மருந்து சாப்பிட்டே குணமானாராமே?

ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஜோ டிப்பன்ஸைத்தான் சொல்கிறார்கள். 2016-ல் அவருக்குச் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஃபென்பெண்டசோல் எடுத்தார், நோய் மறைந்தது. அதே காலத்தில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்புச் சிகிச்சை (இம்யூனோதெரபி) மருந்தின் ஆய்விலும் அவர் இருந்தார். காணொளிகள் விட்டுவிடுவது இந்தப் பகுதியைத்தான். பெம்ப்ரோலிசுமாப் சிலருக்கு மட்டும், ஆனால் ஆழமாகவும் நீண்ட காலத்துக்கும் வேலை செய்யக்கூடியது. இரண்டும் ஒரே நேரத்தில் உடம்பில் இருக்கும்போது, பலனைப் பூச்சி மருந்தின் கணக்கில் எழுத எந்த ஆதாரமும் இல்லை.

அவரைப் பின்பற்றுபவர்கள் சொல்லும் '222 மி.கி.' என்ற அளவு எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். அமெரிக்காவில் நாய்களுக்கு விற்கும் ஃபென்பெண்டசோல் குருணையில் ஒரு கிராம் பொட்டலத்தில் 222 மி.கி. மருந்து இருக்கும். நாய்க்கான அளவு கிலோவுக்கு 50 மி.கி. அப்படியானால் அது நாலரைக் கிலோ நாய்க்கு ஒரு வேளை. மனிதரின் எடையையோ, ரத்தத்தில் ஏற வேண்டிய அளவையோ பார்த்து யாரும் கணக்கிட்ட எண் அல்ல அது. பொட்டலத்தின் அளவு மட்டுமே.

2019-ல் இந்தக் கதை தென் கொரியாவில் பரவி, கடைகளில் நாய் மருந்து தீர்ந்துபோனது. அரசு மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. கிம் சுல்-மின் என்ற நகைச்சுவைக் கலைஞர் நுரையீரல் புற்றுநோய்க்கு இதைச் சாப்பிடுவதாக வெளிப்படையாக அறிவித்தார்; லட்சக்கணக்கானோர் அவரைக் கவனித்தார்கள். பயனில்லை என்று 2020-ல் அவரே சொல்லி நிறுத்தினார். 2021 டிசம்பரில் இறந்தார். நம் ஊர் வாட்ஸ்அப்பில் டிப்பன்ஸ் கதை வருகிறது, கிம் சுல்-மின் கதை வருவதில்லை.

மருந்துக் கம்பெனிங்க லாபம் வராதுன்னு இதைச் சோதிக்கவே விடலைன்னு சொல்றாங்களே?

காப்புரிமை முடிந்த மருந்தில் கம்பெனிகளுக்கு ஆர்வம் குறைவு என்பது சரி. ஆனால் சோதனை நடக்கவில்லை என்பது சரியல்ல. அரசு மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தியிருக்கின்றன.

மெபெண்டசோலிலிருந்து தொடங்கலாம். இது ஃபென்பெண்டசோலின் நெருங்கிய உறவு, மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஊசிப்புழுவுக்காக ஃபென்பெண்டசோல் கொடுத்திருந்த எலிகளில் மூளைக்கட்டி ஒட்டி வளரவில்லை என்பதைக் கவனித்தவர்கள், மனிதருக்குப் பாதுகாப்பானது என்று மெபெண்டசோலுக்கு மாறி 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்து 24 நோயாளிகளிடம் பாதுகாப்புச் சோதனை நடந்தது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 200 மி.கி. வரை கொடுத்தார்கள், உச்ச அளவில் சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறின. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் பலன் உண்டா என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

பலனைத் தேடிய சோதனை மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டிக்கு, டெமோசோலமைடு அல்லது லோமஸ்டின் என்ற கீமோ மருந்தோடு மெபெண்டசோலைச் சேர்த்துக் கொடுத்தார்கள். டெமோசோலமைடு குழுவில் ஒரு வேளைக்கு 1,600 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. வயிற்றுப் புழுவுக்கு நாம் கொடுப்பது 100 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, மூன்றே நாள். 9 மாதத்தில் 55 சதவீதம் பேர் உயிரோடு இருந்தால் மேற்கொண்டு போகலாம் என்று முன்கூட்டியே இலக்கு வைத்திருந்தார்கள். கிடைத்தது ஒரு குழுவில் 36.6, மற்றதில் 45 சதவீதம். 2022-ல் முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். நம் நாட்டில், நம் மக்களிடம், அரசு நிறுவனம் நடத்திய சோதனை இது. இதைவிட நேரடியான விடை வேறில்லை.

நிக்ளோசமைடு என்ற நாடாப்புழு மருந்தைப் புராஸ்டேட் புற்றுநோயில் முயன்றபோது, நோயாளி தாங்கக்கூடிய அளவில் ரத்தத்தில் போதுமான மருந்து ஏறவே இல்லை. அல்பெண்டசோலைக் கல்லீரல் கட்டிகளில் முயன்றபோது சிலருக்கு வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரிந்தன.

லெவாமிசோலின் வரலாறு எல்லாருக்கும் தெரிய வேண்டியது. செம்மறிக்கும் மாட்டுக்கும் இன்றும் புழுவுக்குக் கொடுக்கும் அதே லெவாமிசோலை, மூன்றாம் நிலை பெருங்குடல் புற்றுநோயில் அறுவைக்குப் பிறகு ஃபுளூரோயுராசில் என்ற கீமோ மருந்தோடு கொடுக்க அமெரிக்கா 1990-ல் அனுமதித்தது. ஆட்டு மருந்து என்று யாரும் ஒதுக்கவில்லை, ஆயிரக்கணக்கானோர் எடுத்தார்கள். பின்னால் வந்த சோதனைகளில் ஃபுளூரோயுராசிலோடு லூக்கோவோரின் என்ற துணை மருந்தைச் சேர்த்தால் போதும், லெவாமிசோல் தேவையில்லை என்று தெரிந்தது. வெள்ளணுக்களை முற்றாக அழிக்கும் பக்கவிளைவும் அதற்கு உண்டு. 2000-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பூச்சி மருந்து ஒன்று முறையாக உள்ளே வந்து, முறையாக வெளியேறியது.

இவர்மெக்டின் வேற மாதிரி வேலை செய்யுதாமே, அது?

ஆம், அது வேறு குடும்பம். ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்தது. சடோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெலும் அதற்காக 2015-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆற்றுக் குருட்டு நோயிலும் யானைக்கால் நோயிலும் கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்ட அருமையான மருந்து. அதன் பெருமையைக் குறைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

புற்றுநோயில் அதன் தடை, அளவு. ஆய்வகத் தட்டில் செல்லைத் தடுக்கப் பொதுவாக 5 மைக்ரோமோலார் அல்லது அதற்கு மேல் தேவைப்படுகிறது. அதாவது ஒரு மில்லிலிட்டரில் சுமார் 4,400 நானோகிராம். ஒருவர் 12 மி.கி. மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு ஏறக்குறைய 50 நானோகிராம். கிட்டத்தட்ட 90 மடங்கு இடைவெளி. அதற்குள்ளும் பெரும்பங்கு ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும். இந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு விழுங்கினால் மருந்து மூளைக்குள் நுழையும்: தள்ளாட்டம், பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு. கோலி வகை நாய்கள் பல, மற்ற நாய்கள் தாங்கும் அளவிலேயே இப்படி விழுந்துவிடுவதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். மூளைக்குள் மருந்து போகாமல் தடுக்கும் புரதம் அவற்றில் பழுதாக இருக்கும்.

நோய் எதிர்ப்புச் சிகிச்சையோடு இவர்மெக்டினைச் சேர்த்து மார்பகப் புற்றுநோயில் ஒரு சிறு ஆய்வு அமெரிக்காவில் நடந்து வருகிறது. அது நடக்கட்டும். அங்கே மருத்துவர் பக்கத்தில் இருந்து ரத்தம் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

கால்நடை மருந்துக் கடையில வாங்குனா அப்படி என்ன தப்பு நடக்கும்? மருந்து ஒண்ணுதானே?

மூலப்பொருள் ஒன்றாக இருக்கலாம். தவறு நடப்பது மற்ற எல்லாவற்றிலும்.

அளவில் தொடங்குவோம். மாட்டுக்கான ஃபென்பெண்டசோல் போலஸ் ஒன்றில் 1.5 கிராம் அல்லது 3 கிராம் மருந்து இருக்கும். அரிவாள்மணையில் நாலாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் கால் பங்கு இருக்கும் என்று நம்ப முடியாது. உதிரும் தூளிலும் மருந்து போகும். இவர்மெக்டின் 1 சதவீத ஊசியில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மி.கி. 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி என்பது கால்நடைக் கணக்கு. ஒரு தேக்கரண்டி 5 மில்லி. 'ஒரு ஸ்பூன் குடுத்தேன்' என்றால் 50 மி.கி. போய்விட்டது என்று பொருள். அந்த ஊசியின் கரைப்பான்கள் மாட்டின் தோலுக்கடியில் போடுவதற்கானவை. வாய்வழி குடிப்பதற்கோ மனிதருக்கு ஏற்றுவதற்கோ அல்ல.

இதைவிடப் பெரிய ஆபத்து, கடையில் எல்லாவற்றுக்கும் 'பூச்சி மருந்து' என்ற ஒரே பெயர் இருப்பது. ஃபென்பெண்டசோல் கேட்டவருக்கு இவர்மெக்டின் கலந்த போலஸ் கிடைக்கலாம். தட்டைப்புழு மருந்து கேட்டால் லெவாமிசோலோடு ஆக்சிகுளோசனைடு சேர்ந்த பாட்டில் வரலாம். குளோசன்டெல் என்ற ஆட்டு மருந்து மனிதரின் கண்ணைப் பறிக்கும். லிதுவேனியாவில் நன்கொடையாக வந்த கால்நடை மருந்துகளில் இருந்த குளோசன்டெலைப் பெண்களுக்குத் தவறுதலாகக் கொடுத்து 11 பேர் தற்காலிகமாகப் பார்வை இழந்தார்கள். 1993-ல் இது மருத்துவ இதழில் பதிவானது. நம் பக்கத்து ஆடுகளுக்கும் குளோசன்டெல் பழக்கமான மருந்துதான். அட்டையில் 'கால்நடைப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பதைச் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கித் தருமாறு வற்புறுத்த வேண்டாம். மனிதருக்கு மருந்து எழுத அவருக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. உங்கள் அப்பாவின் கல்லீரல் பரிசோதனை அவர் கையில் இல்லை.

அப்போ மனுஷருக்கு விக்கிற அல்பெண்டசோல் மாத்திரையாச்சும் தினமும் போடலாமா?

பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே, அது 400 மி.கி., ஒரே வேளை. மூளையில் நாடாப்புழுக் கட்டிக்கு மருத்துவர் வாரக்கணக்கில் கொடுப்பதும் உண்டு. அப்போது வெள்ளணுவையும் கல்லீரலையும் இடையிடையே சோதிப்பார்கள். சோதிக்காமல் மாதக்கணக்கில் தினமும் போடுவது பாதுகாப்பானது அல்ல. அதோடு பலனும் நிரூபணமாகவில்லை.

கீமோ ஒரு பக்கம் நடக்கட்டும், இதையும் சேர்த்துக் குடுத்தா என்ன?

எங்களுக்கு அதிகக் கவலை தரும் கேள்வி இதுதான். 'இதுவும் இருக்கட்டும்' என்று தொடங்குபவர்கள் பலர்.

ஜப்பானில் 80 வயதுப் பெண்மணி ஒருவர் நுரையீரல் புற்றுநோய்க்குப் பெம்ப்ரோலிசுமாப் எடுத்துவந்தார். சமூக ஊடகத்தில் பார்த்து, மருத்துவரிடம் சொல்லாமல், ஒரு மாதம் ஃபென்பெண்டசோல் சாப்பிட்டார். கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பூச்சி மருந்தை நிறுத்திய பிறகு தேறியது. கட்டி சுருங்கவில்லை. 2021-ல் வெளியான இந்தக் குறிப்பில் மருத்துவர்களுக்கு ஏற்பட்ட குழப்பத்தை யோசியுங்கள்: பெம்ப்ரோலிசுமாபும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. பூச்சி மருந்தைப் பற்றித் தெரியாத மருத்துவர், பலன் தந்துகொண்டிருக்கும் நல்ல மருந்தை நிறுத்திவிட நேரும்.

கீமோவோடு சேரும்போது வேறொரு ஆபத்து. பெரும்பாலான கீமோ மருந்துகள் கொடுத்து 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்களைக் குறைக்கின்றன. அல்பெண்டசோல் வகை மருந்தும் மஜ்ஜையைத் தொடுவது. இரண்டும் சேர்ந்தால் சாதாரணக் கிருமியே ரத்தத்தில் பரவி உயிரை எடுத்துவிடும். ஏற்காட்டிலும் அதற்கு உள்ளே நாகலூர், வெள்ளக்கடை போன்ற ஊர்களிலும் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. கீமோ முடித்து மலையேறும் முன் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள்; 108-ஐ அழைத்து, கீமோவில் இருப்பவர் என்று சொல்லுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர ஆகும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள்.

டிப்பன்ஸ் பூச்சி மருந்தோடு சேர்த்து எடுத்ததாகச் சொல்லும் பட்டியலில் மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினும் இருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது, தாராளமாகப் போடுங்கள். மிளகுச் சத்து சேர்த்து அடர்த்தியாக்கிய குர்குமின் கேப்சூல் வேறு. அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

ஏற்கெனவே பத்து நாளா குடுத்துட்டோம். இப்போ என்ன பண்றது?

இன்றே நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அல்ல இது. மீதி மருந்தையும் அட்டையையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். மருந்தின் பெயர், சதவீதம், தொகுதி எண் எல்லாம் மருத்துவருக்கு வேண்டும். எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று ஒரு தாளில் எழுதுங்கள். நெய், எண்ணெய் சேர்ந்த உணவோடு கொடுத்திருந்தால் மருந்து அதிகம் உறிஞ்சப்பட்டிருக்கும், அதையும் எழுதுங்கள். மஞ்சள் கேப்சூல், நாட்டு மருந்து, லேகியம் இருந்தால் அவையும்.

அடுத்த கீமோவுக்கு முன்பே முழு ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் செய்ய வேண்டும். நன்றாக இருந்தாலும் ஒரு வாரத்தில் திரும்பப் பார்ப்பது நல்லது. கல்லீரல் பாதிப்பு தாமதமாகவும் தெரியலாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் தேயிலை நிறத்தில் போவது, உடம்பு அரிப்பு, சோற்றைப் பார்த்தாலே குமட்டல், காய்ச்சல், தொண்டைப் புண், நடையில் தள்ளாட்டம், பார்வை மங்கல் இவற்றில் எது இருந்தாலும் புறநோயாளி நாளுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சொன்னா டாக்டர் திட்டுவாரே?

சிலர் திட்டுவார்கள். அப்படித் திட்டக்கூடாது என்பதே எங்கள் கருத்து. திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் பக்கம் எளிதாக்க ஒரு வழி: 'டாக்டர், இதைக் குடுத்திருக்கோம், ரத்தம் பார்த்துச் சொல்லுங்க' என்று மட்டும் சொல்லி எழுதிய தாளை நீட்டுங்கள். செவிலியரிடம் கொடுத்தாலும் கோப்பில் சேரும். பக்கவிளைவு ஏற்பட்டிருந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம்.

மருந்து போட்ட ஆட்டுப் பால்ல சத்து இறங்கி வருமே, அதைக் குடிக்கலாமா?

வேண்டாம். பாலில் வருவது எச்சம். மருத்துவ அளவு அல்ல. அட்டையில் பாலுக்கும் கறிக்கும் போட்டிருக்கும் விலக்கு நாட்கள் முடியும்வரை வீட்டில் யாருக்கும் கொடுக்கக்கூடாது.

பழைய மருந்து எதுவுமே கேன்சருக்குப் பயன்பட்டதில்லையா?

பயன்பட்டிருக்கிறது, அதுவும் விலை மலிவாக. இந்தப் பக்கத்தை எழுத எங்களைத் தூண்டியதும் இதுதான். பூச்சி மருந்தின் மேல் போகும் நம்பிக்கை இவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

டாடா நினைவு மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி போட்டார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் அதே மருந்து. சுமார் 1,600 பெண்களில் சோதித்து 2023-ல் வெளியிட்டபோது, 5 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்ட குழுவில் 90.1 சதவீதம், போடாத குழுவில் 86.4. வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றிய நிலையில், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் தினமும் இருவேளை 200 மி.கி. செலிகாக்சிப் என்ற வலி மாத்திரையும் கொடுத்ததில், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றியவர்களைவிடச் சற்றுக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள்: நடுமதிப்பு 7.5 மாதம், மற்றதில் 6.1. பக்கவிளைவும் குறைவு. ஸ்வீடன் தலைமையில் நடந்து 2025-ல் வெளியான சோதனையில், குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள குடல் புற்றுநோயில் தினமும் 160 மி.கி. ஆஸ்பிரின் நோய் திரும்புவதைக் குறைத்தது.

உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இவற்றைப் பற்றித்தான். 'எங்க அம்மாவோட நோய்க்கு இது பொருந்துமா?' என்று கேளுங்கள். நீங்களாகத் தொடங்காதீர்கள், மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறைக்குப் பதில் தினமும் போட்டு இறந்தவர்கள் உண்டு.

இம்யூனோதெரபிக்கு லட்சக்கணக்குல கேக்குறாங்க. காசில்லாமத்தான் இதைத் தேடுறோம்.

இந்தக் கஷ்டம் உண்மையானது. முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். விவரத்துக்கு 1800 425 3993. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கி, தேவைப்பட்டால் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் என்று போகலாம்.

நோய் எதிர்ப்பு மருந்து தேவை என்று சொன்னால், குறைந்த அளவு நிவோலுமாப் பற்றிக் கேளுங்கள். தலை, கழுத்துப் புற்றுநோயில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி., வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை மேலே சொன்ன மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் போன்ற மாத்திரைகளோடு சேர்த்தபோது ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள். இதுவும் டாடா நினைவு மருத்துவமனையின் வேலைதான். எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்தாது, ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

நிரூபிக்காத மருந்தா இருந்தாலும் முயற்சி பண்ணிப் பாக்கணும்னா வழி இருக்கா?

இருக்கிறது: பதிவு பெற்ற மருத்துவ ஆய்வு. சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இணையதளத்தில் நோயின் பெயரை இட்டுத் தேடலாம். ஆள் சேர்ப்பு இன்னும் நடக்கிறதா, எந்த ஊர் மருத்துவமனை, நோயின் எந்த நிலைக்கு என்ற மூன்றையும் பாருங்கள். முந்தைய சிகிச்சை அறிக்கை, திசுப் பரிசோதனை முடிவு, சி.டி. படம் மூன்றும் கையில் இருந்தால் தொலைபேசியிலேயே பொருந்துமா என்று சொல்லிவிடுவார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் படியுங்கள். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ம் ஆண்டு விதிகள் தரும் உரிமை.

இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இழக்குறதுக்கு என்ன இருக்கு?

மீதி இருக்கும் நாட்கள் எப்படி இருக்கும் என்பது இருக்கிறது. கல்லீரல் கெட்டால் குமட்டலும் அரிப்பும் மயக்கமும் சேரும். பேச நினைத்ததைப் பேச முடியாமல் போகும்.

கட்டிக்கு மருந்து இல்லை என்றாலும் வலிக்கு மருந்து உண்டு. மார்ஃபின் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருவதற்குக் காத்திராமல் கொடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துக் கொடுங்கள். அதை விட்டதால்தான் பலர் மூன்றாம் நாள் மார்ஃபினையே நிறுத்திவிடுகிறார்கள். முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு குறையும். வலிக்காக அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபினால் ஆயுள் குறையாது. படுக்கையில் இருப்பவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவார், குழாய் மாற்றுவார். மலைக் கிராமம் என்றாலும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104.